130 டொலர் கிற்றார்

பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் இருந்தவனுக்கு இரங்கற் குறிப்புகள் பழகிப்போனவை. அமெரிக்க றொக் இசைக்கலைஞர் எடி வான் ஹேலன் 2020 ஒக்ரோபர் 6 ஆம் திகதி தமது 65 ஆவது வயதில் புற்றுநோயால் காலமானார் என்ற செய்தி வந்தபோது, அதைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருப்பேன். றொக் இசையில் எனக்குப் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. ஆனால், அவருடைய தந்தையார் ஒல்லாந்தர், தாயார் ஜாவாவில் பிறந்த கலப்பினப் பெண்மணி என்ற ஒரு வரி என்னை நிறுத்தியது.

இலங்கையரான எமக்கு அந்த வரியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஜாவாவை ஆண்ட அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிதான் 1658 முதல் 1796 வரை எமது கரையோரங்களையும் ஆண்டது. இங்கே அது விட்டுச்சென்ற சமூகத்தைப் பறங்கியர் என்கிறோம். 1956 ஆம் ஆண்டின் மொழிச்சட்டத்துக்குப் பின்னர் அவர்களிற் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். இந்தோனேசியா சுதந்திரம் பெற்ற பின்னர் அங்கிருந்த கலப்பினத்தவர் நெதர்லாந்துக்குச் சென்றனர். இரு சாராருமே தமக்குச் சொந்தமென்று சொல்லப்பட்ட இடங்களில் அந்நியராக நின்றவர்கள்.

எடி 1955 ஜனவரி 26 இல் அம்ஸ்ரர்டாமில் பிறந்தார். தந்தையார் ஜான் கிளாரினெற்றும் சாக்சபோனும் வாசிப்பவர். தாயார் இயுஜீனியா நிறத்தின் காரணமாக நெதர்லாந்தில் இரண்டாந்தரப் பிரசையாகவே நடத்தப்பட்டார். 1962 இல் குடும்பம் கப்பலில் அமெரிக்கா சென்று கலிபோர்னியாவின் பசடீனா நகரிற் குடியேறியது. ஏறத்தாழ 50 டொலரும் ஒரு பியானோவுமே தமது உடைமை என்று எடி பிற்காலத்திற் கூறியிருக்கிறார். தந்தையார் துப்புரவுப் பணி செய்தார். தாயார் வீட்டு வேலைக்குப் போனார். ஆங்கிலம் அறியாத அந்தச் சிறுவனுக்குப் பாடசாலையில் முதலில் நண்பர்களானவர்கள் கறுப்பினப் பிள்ளைகளே.

இந்தப் பின்னணியோடு பார்க்கும்போதுதான் அவர் வீட்டிலே செய்துகொண்ட கிற்றாரின் வரலாறு விளங்குகிறது.

எழுபதுகளில் அமெரிக்காவில் மின்கிற்றார் என்றால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள்: கிப்சன், ஃபெண்டர். மின்கிற்றாரில் தந்திகளின் அதிர்வைப் பிடிப்பது 'பிக்கப்' எனப்படும் காந்தச் சுருள். ஃபெண்டர் நிறுவனம் 1954 இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்ரரில் ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் இருந்தன. அவற்றின் ஒலி தெளிவானது. ஆனால் சுற்றியுள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் அவை வாங்கிக்கொள்ளும். கிப்சனின் பொறியியலாளர் சேத் லவர் 1955 இல் இதற்கொரு வழி கண்டார். எதிரெதிராகச் சுற்றிய, காந்த முனைகள் எதிரெதிரான இரண்டு சுருள்களை இணைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலியோ இருமடங்கு வலுப்பெறும். அதுவே 'ஹம்பக்கர்'.

எடிக்கு வேண்டியது கிப்சனின் தடித்த குரல். கூடவே ஃபெண்டரின் உருவமும், தந்திகளை நெகிழ்த்தி இசையை வளைக்கும் அதன் நெம்புகோலும். இரண்டையும் ஒன்றாகத் தரும் கிற்றார் கடையில் இல்லை. எனவே எழுபதுகளின் நடுப்பகுதியில் 50 டொலருக்கு ஓர் இரண்டாந்தர 'அஷ்' மர உடலையும், 80 டொலருக்கு ஒரு கழுத்தையும் வாங்கினார். மொத்தம் 130 டொலர். ஃபெண்டர் கிற்றாரின் கழுத்து, உடலோடு பசையால் ஒட்டப்படுவதன்று, திருகாணிகளாற் பூட்டப்படுவது. தொழிற்சாலையின் வசதிக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடுதான், பிற்காலத்தில் வீட்டிலிருந்தே கிற்றாரைக் கழற்றிப் பூட்டும் ஒரு தலைமுறைக்கு வழி திறந்தது.

பழைய கிப்சன் ஒன்றிலிருந்து கழற்றிய ஹம்பக்கரை அந்த உடலில் வைக்க இடம் போதவில்லை. உளியெடுத்து மரத்தைக் குடைந்தார். கிப்சனில் தந்திகளுக்கிடையிலான இடைவெளி ஃபெண்டரினதிலும் குறைவு. ஆகவே பிக்கப்பைச் சற்றே சரித்துப் பொருத்தினார். ஒலிபெருக்கியின் உரத்த ஓசையில் சுருளின் கம்பிகள் தாமே அதிர்ந்து கீச்சிடும். அதைத் தடுக்கப் பரபின் மெழுகை உருக்கி அதில் பிக்கப்பைத் தோய்த்தெடுத்தார். மெழுகு உள்ளே புகுந்து கம்பிகளை அசையாமற் பிடித்துக்கொண்டது. இந்தப் பாடத்தைக் கற்க முன்னர் சில பிக்கப்புகள் சூட்டில் உருகிப் பாழாயின. மற்றக் குமிழ்களுக்கு மின்னிணைப்புக் கொடுக்கத் தெரியாததால் ஒரே ஒரு குமிழை மட்டும் வைத்தார். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் குமிழின் மேல் 'ரோன்' என்று எழுதியிருந்தது. கையில் அகப்பட்டது அதுதான்.

அடுத்தது வர்ணம். உடலுக்குக் கறுப்புப் பூசி, ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, மேலே வெள்ளை பூசி, நாடாவை உரித்தார். வெள்ளைக்கு நடுவே கறுப்புக் கோடுகள் வெளிப்பட்டன. 1979 இல் மீண்டும் நாடா ஒட்டிச் சிவப்புப் பூசினார். பூசியது துவிச்சக்கரவண்டிக்குரிய வர்ணம். கிற்றாருக்குச் சைக்கிள் வர்ணமா என்று நகைத்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டனர். ஃபெண்டர் நிறுவனமே தனது புகழ்பெற்ற நிறங்களை டூபொன்ற் நிறுவனத்தின் மோட்டார் வாகன வர்ணங்களிலிருந்துதான் எடுத்தது.

கிற்றாரை வீட்டில் மாற்றியமைத்தவர்களில் எடி முதல்வரல்லர். லெஸ் போல் 1940 ஐ ஒட்டிய காலத்தில் ஒரு தடித்த மரத்துண்டில் தந்திகளைப் பூட்டி, பார்வைக்காக இருபுறமும் வேறொரு கிற்றாரின் பாதிகளை ஒட்டினார். பீற்றில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் 1967 இல் தமது ஸ்ட்ராட்டோகாஸ்ரருக்கு ஒளிரும் வர்ணங்களையும் மனைவியின் நகப்பூச்சையும் பூசி, அவ்வாண்டு ஜூன் 25 ஆம் திகதி உலகளாவிய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதனோடு தோன்றினார். ஆயினும், தொழிற்சாலைகளே பின்தொடர்ந்து வரும்படி செய்தவர் எடிதான்.

1978 பெப்ரவரியில் அவரது குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதிலுள்ள 'இரப்ஷன்' என்ற தனிவாசிப்பு 1 நிமிடம் 42 விநாடிகள்தான். அது கிற்றார் வாசிப்பின் போக்கையே மாற்றியது. அட்டையிற் கறுப்பு வெள்ளைக் கிற்றாரைக் கண்டவர்கள் கோடு போட்ட கிற்றார்களை உற்பத்தி செய்யத் தொடங்கினர். எடி சினமுற்றார். சிவப்புப் பூசியது அதனாற்றான். அதோடு, வேலை செய்யாத ஒரு பிக்கப்பையும் இணைப்பில்லாத ஓர் ஆளியையும் கிற்றாரிற் பொருத்தினார். பிரதி செய்பவர்கள் குழம்பட்டும் என்பதே நோக்கம். பின்னாளில் அந்தக் கோட்டு வடிவத்துக்குப் பதிப்புரிமையும் பெற்றுக்கொண்டார். கையில் 50 டொலரோடு வந்திறங்கிய குடும்பத்தின் பிள்ளை, தன் கையால் உண்டாக்கியதை இன்னொருவன் எடுத்துப்போவதைப் பொறுக்கவில்லை. அதில் எனக்கு வியப்பில்லை.

இவருடைய உளி எப்போதும் வென்றதில்லை. முதல் இசைத்தட்டின் சில பாடல்களுக்கு வாசித்த இபனெஸ் கிற்றார் ஒன்றின் உடலில், அழகுக்காக ஒரு பெருந்துண்டை வெட்டியெடுத்தார். அதன் நல்ல ஒலி அன்றோடு போயிற்று. அவரும் அதற்காக வருந்தினார். வீட்டில் வாள் எடுப்பவர்கள் இதை நினைவிற் கொள்ளவேண்டும். ஐம்பதுகளின் கிற்றார் ஒன்றைச் சுரண்டி மீளப் பூசினால் அதன் விலை பெருமளவு வீழ்ந்துவிடும். இழந்த மூலப்பூச்சை எந்த வர்ணமும் திருப்பித் தராது. எடி எடுத்தது யாரும் விரும்பாத இரண்டாந்தர மரம் என்பதை அவரைப் பின்பற்றுவோர் மறந்துவிடுகின்றனர்.

பின்னர் வந்த ஃபுளொயிட் றோஸ் நெம்புகோல் பின்னோக்கிச் சாயாதிருக்க, அதனடியில் 1971 ஆம் ஆண்டின் 25 சத நாணயம் ஒன்றைத் திருகாணியால் இறுக்கியிருந்தார். 2007 இல் ஃபெண்டர் நிறுவனம் இந்தக் கிற்றாரின் 300 பிரதிகளைச் செய்து ஒவ்வொன்றையும் 25,000 டொலருக்கு விற்றது. சிகரெற் சுட்ட வடுக்கள், இணைப்பில்லாத பிக்கப், 1971 ஆம் ஆண்டின் நாணயம் அனைத்தும் அப்படியே இருந்தன. பிரதி செய்பவர்களைக் குழப்ப வைத்த பொய்யுறுப்பும் பணம் கொடுத்து வாங்கப்பட்டது! 2019 இல் மூலக் கிற்றார் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் எடி கோடு வரைந்த வேறொரு கிற்றார் ஏலத்தில் 39 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது.

இந்த விலைகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 2004 டிசம்பர் 8 ஆம் திகதி டைம்பாக் டரல் என்ற இளைய கிற்றார் கலைஞர் மேடையில் வைத்துச் சுட்டுக்கொல்லப்பட்டார். எடியின் கறுப்பு மஞ்சள் கிற்றாரை அவர் மிகவும் விரும்பியவர். எடி பிரதியொன்றை அனுப்பவில்லை. 1979 இல் வெளிவந்த இரண்டாவது இசைத்தட்டின் அட்டையிற் காணப்படும் அந்த மூலக் கிற்றாரையே கொண்டுசென்று பேழைக்குள் வைத்தார். பிரதி செய்தவர்களோடு ஆயுள் முழுவதும் சண்டையிட்ட மனிதர், திரும்பச் செய்யமுடியாத ஒன்றைக் கொடுத்தார். இலட்சக்கணக்கில் விலைபோயிருக்கக்கூடிய அந்த மரமும் மெழுகும் ரெக்சாஸ் மண்ணுக்குள் இருக்கின்றன.