டெட்ராய்ட்: ஓர் ஊர்ப்பெயரின் பொருள் பெயர்ச்சி

முன்னுரை

ஊர்ப்பெயர்கள் இடத்தைச் சுட்டுவதோடு, பெயரிட்டோர் அவ்விடத்தை எவ்வாறு நோக்கினர் என்பதையும் உணர்த்துகின்றன. ஒரு மொழியில் பொருளுடன் தோன்றிய பெயர் வேறொரு மொழிக்குச் செல்லுமிடத்து, முன்னைப் பொருள் மறைந்து புதுப்பொருள் வந்து சேர்வதுண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள டெட்ராய்ட் நகரின் பெயர் இதற்குத் தக்க சான்றாகும். பிரெஞ்சு மொழியில் காரணப்பெயராகத் தோன்றிய இச்சொல், ஆங்கிலத்தில் இடுகுறிப்பெயர் போலாகி, பின்னர் ஆகுபெயராகவும் வழங்கிய வரலாற்றையும் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயர்க் காரணம்

1701ஆம் ஆண்டு சூலை 24ஆம் நாள் அந்துவான் தெ லா மோத் கதியாக் என்னும் பிரெஞ்சு அதிகாரி, செயின்ட் கிளேர் ஏரியையும் ஈரி ஏரியையும் இணைக்கும் நீர்வழியின் கரையில் இறங்கிக் கோட்டை ஒன்றை அமைத்தார். ஏறத்தாழ 45 கிலோமீட்டர் நீளமுடைய அந்நீர்வழியைப் பிரெஞ்சுக்காரர் 'தேத்ருவா' என்றனர். அச்சொல்லுக்கு நீரிணை என்பது பொருள். கோட்டைக்குப் பிரெஞ்சு அமைச்சர் பொன்ஷார்த்ரேனின் பெயர் இடப்பட்டு, அதனோடு 'தேத்ருவா' என்பதும் இணைக்கப்பட்டது. காலப்போக்கில் அமைச்சரின் பெயர் வழக்கொழிந்தது; நீர்வழியின் பெயரே ஊருக்கு நிலைத்தது.

'தேத்ருவா' என்பது, இறுக்கப்பட்டது என்னும் பொருளுடைய 'டிஸ்ட்ரிக்டஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. மாவட்டத்தைக் குறிக்கும் 'டிஸ்ட்ரிக்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லும் அதன் வழிவந்ததே. நீரிணையைக் குறிக்கும் 'ஸ்டிரெயிட்' என்பதும் பழம்பிரெஞ்சின் வாயிலாக அதே வேரிலிருந்து பிறந்தது. ஆகவே ஆங்கிலத்தில் 'ஸ்டிரெயிட்', 'டெட்ராய்ட்' ஆகிய இரண்டும் உறவுச் சொற்களாம். எனினும் அவ்வுறவு பேசுவோர் செவிக்குப் புலனாவதில்லை.

பிரெஞ்சுக்காரர் வருமுன்னரே அவ்விடத்திற்குப் பெயர் இருந்தது. அனிஷினாபே பழங்குடியினர் அதனை 'வாவியாத்தனாங்' என வழங்கினர். நீர் வளைந்து செல்லும் இடம் என்பது அதன் பொருள். பழங்குடியினர் கண்டது வளைவு. பிரெஞ்சுக்காரர் கண்டது ஒடுக்கம். தமிழின் 'நீரிணை' என்னும் சொல்லோ இணைப்பைச் சுட்டுகிறது. ஆங்கிலேயரைத் தடுத்து, மென்மயிர்த் தோல் வணிகத்தைத் தம் கையில் வைத்துக்கொள்ள விரும்பிய பிரெஞ்சுக்காரருக்கு, காவல் செய்தற்கு எளிய ஒடுக்கமே முதன்மையாகத் தோன்றியது எனலாம்.

ஒலிப்பும் பொருள் மறைவும்

1760இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1796இல் அமெரிக்கர் ஆட்சிக்குட்பட்டது. பெயர் மாற்றப்படவில்லை, ஒலிப்பு மாறியது. பிரெஞ்சில் ஒலிக்கப்படாத இறுதி டகரம் ஆங்கிலத்தில் ஒலிக்கப்பெற்றது. இடையிலுள்ள உயிரொலி ஆங்கில எழுத்து முறைக்கேற்ப 'ஆய்' என்றாயிற்று. 'டெட்ராய்ட் ஆறு' என ஆங்கிலத்தில் வழங்குவதைச் சொற்பொருள் நோக்கிப் பெயர்த்தால் 'நீரிணை ஆறு' என்றாகும். பேசுவோர்க்கு இது கூறியது கூறலாகத் தோன்றாமையே, பெயரின் காரணம் மறைந்துவிட்டதற்குச் சான்றாகும்.

இம்மாற்றம் இவ்வூர்ப்பெயரோடு நிற்கவில்லை. ஆற்றிலிருந்து உள்நோக்கி நீண்ட குறுகிய பண்ணை நிலங்களை உடைமையாகக் கொண்டிருந்த பிரெஞ்சுக் குடும்பங்களின் பெயர்கள் இன்று தெருப்பெயர்களாக உள்ளன. போபியன், ரிவார்ட் என்பன அவற்றுட் சில. ஊரை நிறுவிய கதியாக்கின் பெயரும் 1902இல் ஒரு மோட்டார் வாகன நிறுவனத்திற்கு இடப்பெற்று, 'காடிலாக்' என்னும் ஒலிப்புடன் உலகெங்கும் பரவியது.

ஆகுபெயர் வழக்கு

1903இல் ஃபோர்டு நிறுவனம் டெட்ராய்டில் தோன்றியது. ஜெனரல் மோட்டார்ஸ், கிறைஸ்லர் ஆகியனவும் இப்பகுதியில் வளர்ந்தன. இதன் பயனாக 'டெட்ராய்ட்' என்பது அமெரிக்க மோட்டார் வாகனத் தொழில் முழுவதையும் குறிக்கலாயிற்று. இது தமிழிலக்கணம் கூறும் இடவாகுபெயரை ஒத்தது. 1913இல் நகரும் தொகுப்பு வரிசை முறை செயற்பட்ட ஹைலண்ட் பார்க்கும், ஃபோர்டின் தலைமையகம் அமைந்த டியர்பர்னும் டெட்ராய்ட் நகர எல்லைக்குப் புறத்தே உள்ள தனி ஊர்களாகும். ஆகவே ஆகுபெயர் சுட்டிய பொருளின் எல்லை வேறு, ஊரின் எல்லை வேறு.

இவ்வேறுபாடு துன்பக்காலத்தில் வெளிப்பட்டது. 2009இல் ஜெனரல் மோட்டார்சும் கிறைஸ்லரும் நொடித்தபோது, நடுவண் அரசு பெருந்தொகை அளித்து அவற்றைக் காத்தது. 'டெட்ராய்ட் காக்கப்பட்டது' என்னும் கூற்று அந்நிறுவனங்களையே சுட்டியது. ஊரின் நிலையோ வேறாக இருந்தது. 1950இல் 18,49,568ஆக இருந்த அதன் மக்கள்தொகை 2010இல் 7,13,777ஆகவும், 2020இல் 6,39,111ஆகவும் குறைந்தது. 2013 சூலை 18ஆம் நாள் நகராட்சியே நொடிப்பு மனு அளித்தது. ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர் பலரின் ஓய்வூதியம் குறைக்கப்பட்டது. 2014 திசம்பரில்தான் நகரம் அந்நிலையினின்று மீண்டது. ஒரே பெயரால் சுட்டப்பெற்ற தொழில் தேறிய பின்னரும் அவ்வூரின் குடிமக்கள் தேறவில்லை என்பது நோக்கத்தக்கது.

சென்னையை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என வழங்குவது இதன் அடுத்த நிலை. இங்கு அப்பெயர் ஒப்புமை பற்றி மற்றோர் ஊருக்கு ஆகி, உவமையாகுபெயரின் தன்மையைப் பெறுகிறது. இவ்வழக்கிற்குக் காரணமான மறைமலைநகர் ஃபோர்டு ஆலையும், இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையும் சென்னை மாநகராட்சி எல்லைக்கு வெளியே அமைந்தவை. மறைமலைநகர் ஆலையில் 2022இல் வாகன உற்பத்தி நின்றது. புகழ்மொழியாகக் கொள்ளப்பட்ட பெயர், ஒரு தொழிலை மட்டுமே நம்பிய ஊரின் இடரையும் உடன்கொண்டு வந்தமையை அந்நிகழ்வு நினைவூட்டியது.

முடிவுரை

நீரின் வளைவைச் சுட்டிய பழங்குடிப் பெயர் முதலில் மறைந்தது. பிரெஞ்சுப் பெயர் சுட்டிய நீரிணை ஆங்கில ஒலிப்பில் மறைந்தது. தொழிலைச் சுட்டிய ஆகுபெயரில் ஊர்மக்கள் மறைந்தனர். பெயரின் வழக்கு விரிய விரிய, அது பிறந்த இடம் பார்வையினின்று விலகியது எனலாம். ஆதலின் ஊர்ப்பெயராய்வு சொற்பிறப்பைக் காட்டுவதோடு அமையாது, ஒவ்வொரு பொருள் மாற்றத்திலும் யார், எது விடுபட்டது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.