ஓ குரூப் எல்லோருக்கும் சேருமா?

2012-ல் தமிழகமெங்கும் டெங்கு. அரியலூரில் அக்கா பேரனுக்குத் தட்டணுக்கள் குறைந்து ஈறில் ரத்தம் கசிய, திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். நான் பெரம்பலூரில் பஸ் ஏறினேன்.

பையன் ஏ பாசிட்டிவ், நான் ஓ பாசிட்டிவ். ‘ஓ எல்லோருக்கும் சேருமே’ என்று சட்டைக் கையை மடித்தேன். ரத்த வங்கித் தம்பி தடுத்தார். “ஐயா, அந்தக் கணக்கு சிவப்பணுவுக்கு. தட்டணு உங்கள் பிளாஸ்மாவில் மிதந்து வரும். அதில் ஏ-வுக்கு எதிர்ப்பொருள் இருக்கிறது. சின்ன உடம்பு, அவன் சிவப்பணுக்களை உடைத்துவிடலாம். முதலில் ஏ தேடுங்கள். கிடைக்காவிட்டால் டாக்டர் முடிவு செய்வார்.”

அதன்பிறகுதான் இதன் வரலாற்றைப் படித்தேன். 1901-ல் வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர், உடன் வேலை செய்தவர்களின் ரத்தத்தை ஒன்றோடொன்று கலந்து பார்த்தார். சில ஜோடிகள் திரிந்தன, சில திரியவில்லை. அப்படிப் பிறந்தவையே குரூப்கள். 1930-ல் நோபல் பரிசு பெற்றார். 1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டே குழுவினர், ஓ ரத்தமும் சேராத மனிதர்களைக் கண்டறிந்தார்கள். அதுவே ‘பாம்பே குரூப்’. ஆக, சிவப்பணுவிலும் ஓ எல்லோருக்கும் சேர்வதில்லை!

காசுக்கு ரத்தம் விற்பதை நிறுத்த உச்ச நீதிமன்றம் 1996-ல் உத்தரவிட்டது. அதனால் முன்பின் தெரியாதவர்களின் நல்ல மனதைத்தான் நம்பியிருந்தோம். தட்டணுவோ ஐந்து நாள்தான் தாங்கும்.

மாலையில் ஏ பாசிட்டிவ் கல்லூரி மாணவர் ஒருவர் வந்தார். பையன் பிழைத்தான். இப்போது அவனே ரத்தம் கொடுக்கிறான்.

நண்பர்களே, கொடுக்க முன்வாருங்கள். யாருக்கு என்பதை ரத்த வங்கி சொல்லட்டும்.