பொருளாதார மந்தமும் கடல்கடந்த தமிழ்த் தொழிலாளரின் வேலையிழப்பும் (1929–1939)

பொருளாதார மந்தத்தில் ஒரு நாட்டின் இனங்கள் அனைத்தும் ஒரே அளவில் வேலையிழப்பதில்லை. நிலைமை சீரடையும்போது ஒரே வேகத்தில் வேலையைத் திரும்பப் பெறுவதுமில்லை. அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் வேலையின்மை வீதம் பல பத்தாண்டுகளாக வெள்ளையருடையதைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்து வந்தமை இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று. திருச்சிராப்பள்ளி வட்டாரத்துக்கு நெருக்கமான சான்று 1930களின் மலாயாவிலும் இலங்கையிலும் கிடைக்கிறது. அங்கே வேலையிழந்த தமிழர் பலர் வேலையற்றோர் கணக்கில் சேருமுன்பே கப்பலேற்றப்பட்டனர்.

இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதைக் கவனித்த இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தின் தலைமையகம் திருச்சிராப்பள்ளியில் இருந்தது. சொந்த ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து உறவினரையும் ஊராரையும் திரட்டிச் செல்லும் மேஸ்திரியான கங்காணியின் பின்னால் சென்றவர்கள், மண்டபம் முகாமில் தங்கி மருத்துவச் சோதனை முடித்துக் கடல் கடந்தனர். மலாயா சென்றவர்களுக்கு ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன.

1929க்குப் பின் ரப்பர் விலை சரிந்தபோது, மலாயாவின் இந்தியப் பால்வெட்டுத் தொழிலாளருக்கு வேலையோடு குடியிருப்பும் போயிற்று. ஏனெனில் அவர்கள் வாழ்ந்த லயங்கள், அதாவது ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து அமைந்த வரிசை அறைகள், தோட்டத்துக்கே உரியவை. மலாய்க்காரர் பலருக்கு நெல்வயலும் சிறு நிலமும் கைகொடுத்தன. சீன ஆண் தொழிலாளரின் வருகைக்கு 1930 ஆகஸ்டில் மாத வரம்பு விதிக்கப்பட்டது. பிரித்தானியக் குடிமக்களான இந்தியருக்கு அவ்வரம்பு பொருந்தாவிட்டாலும், அவர்களை அரசு உதவியுடன் அழைத்துவருவது நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே இருந்தவர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மூன்றே ஆண்டுகளில் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மந்தத்தின் சுமையில் ஒரு பகுதி இவ்வாறு காலனியின் ஏடுகளிலிருந்து நீங்கித் தமிழகக் கிராமங்களின் தலையில் இறங்கியது.

1934இல் பன்னாட்டு ரப்பர் உற்பத்திக் கட்டுப்பாடு வந்து விலை ஏறியதும் ஆள்சேர்ப்பு மீண்டும் தொடங்கியது. மந்தத்தில் குறைக்கப்பட்ட கூலி மட்டும் அந்த வேகத்தில் ஏறவில்லை. நிலைமையை ஆராய இந்திய அரசு அனுப்பிய வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய நாட்கூலியை மீட்குமாறு 1937இல் பரிந்துரைத்தார். ஆண் பெண் வேறுபாட்டை அவர் அப்படியே விட்டுவிட்டது இன்றைய வாசகர் கண்ணில் படாமல் போகாது. 1938இல் கூலி மறுபடியும் குறைக்கப்பட்டபோது, உதவியுடன் கூடிய குடியேற்றத்தை அவ்வாண்டு ஜூனில் இந்தியா தடை செய்தது.

இலங்கையில் இனவேறுபாடு இன்னும் வெளிப்படையாக இருந்தது. 1934 ஏப்ரலுக்குப் பின் அரசுத் துறைகளில் தினக்கூலிக்குச் சேர்ந்த இந்தியரை, உள்நாட்டவரின் வேலையின்மையைக் காரணம் காட்டி நீக்க 1939இல் அரசு முடிவெடுத்தது. அதாவது நெருக்கடியின் உச்சம் கடந்த பின்னரே இந்த ஆட்குறைப்பு நடந்தது. ஜவாஹர்லால் நேரு ஜூலையில் நேரில் சென்றும் அம்முடிவு மாறவில்லை. அவர் அங்கிருந்தபோதே இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. ஆகஸ்ட் 1 முதல் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதை இந்தியா தடுத்ததால், விடுப்பில் ஊர் வந்திருந்த தோட்டத் தொழிலாளரும் வேலைக்குத் திரும்ப முடியாமல் இக்கரையில் சிக்கிக்கொண்டனர்.