கோவளத்துக் கிணறும் ஐந்நூறு சிப்பாய்களும்

1752 செப்டம்பரில் ராபர்ட் கிளைவ் கோவளம் கோட்டையைப் பிடிக்கப் புறப்பட்டபோது அவனிடம் இருந்ததைப் படை என்று சொல்ல வெள்ளைக்கார வரலாற்றாசிரியர்களுக்கே வாய் கூசியது. லண்டனிலிருந்து அப்போதுதான் கப்பலில் வந்து இறங்கிய 200 பேர், இங்கே புதிதாகச் சேர்த்த சிப்பாய்கள் 500 பேர். அவ்வளவுதான். ராபர்ட் ஓர்ம் இதை எழுதிவைத்தார். 1840இல் மெக்காலே கிளைவைப் பற்றிய தன் கட்டுரையில் அதையே மெருகேற்றிச் சொன்னார்.

லண்டன் ஆட்கள் அந்த நகரத்துச் சந்துபொந்துகளில் கம்பெனித் தரகர்கள் வளைத்துப் பிடித்து அனுப்பியவர்கள். கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டில் ஒருவன் செத்து, சிலருக்குக் காயம் பட்டதுமே மற்றவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். இன்னொரு நாள் பீரங்கிச் சத்தத்துக்கே காவல் நின்றவர்கள் சிதறிப் போனார்கள். தேடிப் பார்த்தால் ஒருத்தன் கிணற்றுக்குள் ஒளிந்திருக்கிறான்! கிளைவ் தானே குண்டுகளுக்கு முன்னால் போய் நின்று, அவர்களை வெட்கப்பட வைத்துப் பழக்கினான் என்கிறார்கள். கோவளம் விழுந்தது. அக்டோபர் கடைசியில் செங்கல்பட்டுக் கோட்டையும் பணிந்தது. கவாத்து மைதானம் ஏதும் இல்லை. முற்றுகையேதான் பயிற்சி முகாம்.

சரி, அந்த ஐந்நூறு பேர்? கிணற்றில் பதுங்கிய வெள்ளைக்காரனுக்குக் கூட வரலாற்றில் ஒரு வரி கிடைத்துவிட்டது. இவர்களுக்குக் கிடைத்தது எண்ணிக்கை மட்டும்தான். எந்த ஊர், எந்தத் தெரு, சேரியா ஊரா என்று எழுத ஓர்முக்கு அக்கறை இல்லை. (நம்ம ஆள் ஒருத்தன் உயிருக்குப் பயந்து ஊர்க் கிணற்றில் இறங்கியிருந்தால், பிரெஞ்சுக்காரனுக்கு முன்னால் ஊர்க்காரனே அவனை முடித்திருப்பான்.)

சென்னைப் படையில் முஸ்லிம்களும் தெலுங்கர்களும் பல தமிழ்ச் சாதியினரும் இருந்தார்கள். பறையர்களும் இருந்தார்கள். செங்கல்பட்டுச் சீமையில் ஒரு படியாளின் மகன் ஏன் பட்டாளத்துக்குப் போனான் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மாசம் பிறந்தால் சம்பளம். வயசானால் பென்ஷன். மிராசுதாரனின் களத்துமேட்டில் இது இரண்டும் கிடையாது. சிப்பாய்களின் பிள்ளைகளைச் சிறுவயதிலேயே பட்டியலில் சேர்த்து, அரைச் சம்பளம் கொடுத்து வளர்க்கும் வழக்கமும் அந்தப் படையில் இருந்தது.

கவாத்தை நான் வேறு ஒரு கண்ணோடும் பார்க்கிறேன். வரிசையில் நிற்கிறபோது ஒருவனுக்கும் பக்கத்தில் நிற்பவனுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைக் கவாத்துப் புத்தகம் தீர்மானித்தது. கிராமத்தில் அந்த இடைவெளியைத் தீர்மானித்தது சாதி. தோளோடு தோள் ஒட்டி நின்று ஒரே கட்டளைக்குத் திரும்புகிற உடம்பு, லீவில் ஊருக்கு வந்து தெருவில் ஒதுங்கி நிற்க எவ்வளவு சிரமப்பட்டிருக்கும்? ஆனால் இதை வைத்துக் கம்பெனிக்காரனுக்கு மாலை போட வேண்டாம். 1780இல் தொடங்கிய பயனியர் கம்பெனிகளிலும், அவற்றின் வழியாக 1831இல் உருவான சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படையிலும் நம்ம ஆட்கள் கணிசமாகச் சேர்ந்தார்கள். அங்கே வேலை என்ன? பாதை போடுவது, பள்ளம் தோண்டுவது, பாலம் கட்டுவது. சீருடை புதுசு, கையில் பழைய மண்வெட்டி.

1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், நீண்ட அமைதிக் காலம் தென்னாட்டுச் சிப்பாயை மென்மையாக்கிவிட்டது என்று முடிவு கட்டினார். போர்க்குடி என்ற கோட்பாடு வந்தது. சென்னைக் காலாட்படைகள் பல கலைக்கப்பட்டன, அல்லது பஞ்சாபியரைக் கொண்டு நிரப்பப்பட்டன. 1892 வாக்கில் பம்பாய்ப் பக்கம் மகர்களுக்கும் கதவைச் சாத்தினார்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சுபேதாராக இருந்த அதே படை அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1891இல்தான் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றித் தன் அறிக்கையை அனுப்பினார். கடனுக்கு அடிமை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, உழைப்பு மட்டும் ஓயாது. ஒரே உடம்பைத்தான் ஒரே காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஓயாமல் உழைக்கிற உடம்பு என்று எழுதுகிறார், இன்னொருவர் சண்டைக்கு லாயக்கில்லாத உடம்பு என்கிறார். அறிக்கையின் பலனாக 1892இல் பஞ்சமி நிலத்துக்கு வழி பிறந்தது. அந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள்.

உலகப் போர் வந்ததும் லாயக்கு திரும்பி வந்துவிட்டது. 1941இல் மெட்ராஸ் ரெஜிமெண்டை மறுபடி எழுப்பினார்கள். அதே ஆண்டு மகர் ரெஜிமெண்ட், 1943இல் சமார் ரெஜிமெண்ட். போர் முடிந்த கையோடு 1946இல் சமார் ரெஜிமெண்டைக் கலைத்துவிட்டார்கள்.

இன்றைக்கு விடியற்காலையில் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் கடற்கரையில் பையன்கள் ஓடுகிறார்கள். மணலில் ஓடினால் கெண்டைக்கால் இறுகும் என்பார்கள். சேரியில் மைதானம் இல்லை என்பதும் ஒரு காரணம். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண். பத்து முறை கம்பியில் உடம்பைத் தூக்க வேண்டும், ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். 2022இல் வந்த அக்னிபத் திட்டப்படி நாலு வருஷம்தான் வேலை. அதற்கப்புறம் நாலில் ஒருவனைத்தான் வைத்துக்கொள்வார்கள். பென்ஷன் என்று போன தாத்தாவுக்குக் கிடைத்தது பேரன்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கிடையாது.

சாதிச் சான்றிதழுக்காக இரண்டு நாள் அலைந்து பயிற்சியை விட்ட ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "பட்டாளத்துல நமக்கு இடஒதுக்கீடே கிடையாது. அப்புறம் எதுக்குண்ணே சாதி கேக்குறான்?"

சில ரெஜிமெண்டுகளுக்கு இன்னமும் சாதி பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னேன். "வெள்ளைக்காரன் போட்ட கணக்கா?" என்றான். ஆமாம் என்றேன்.