கடைசி வரிசைக்கும் கேட்ட குரல்

மேடையிலே ஒருவர் பேசுகிறார். முன்வரிசை கைதட்டுகிறது. பின்வரிசையோ, "என்ன சொன்னார்?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பு தமிழகத்துப் பெருங்கூட்டம் எதுவாயினும் இதுதான் நிலை. 1907-ஆம் ஆண்டு மே திங்களில் விபின் சந்திர பாலர் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் திரண்ட மக்களிடையே முழங்கினார். அன்று ஒலிவாங்கி இல்லை, ஒலிபெருக்கி இல்லை. அலையின் இரைச்சலுக்கும் காற்றின் வேகத்துக்கும் ஈடு கொடுக்க வேண்டியிருந்தது மனிதனின் தொண்டை ஒன்றுதான்.

நாடக மேடையும் அப்படியே. எஸ். ஜி. கிட்டப்பாவின் உச்சக் குரலைப் பற்றி இன்றும் பேசுகிறோம். அந்த உச்சம் அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. கொட்டகையின் கடைக்கோடியில் தரையில் அமர்ந்திருப்பவன் காதுக்கும் பாட்டு எட்ட வேண்டுமே, அதற்காகவும் ஏற்பட்டது.

முன்வரிசை யாருக்கு உரியது? மிராசுதாரருக்கு, அதிகாரிக்கு, ஊர்ப் பெரியதனக்காரருக்கு. பின்வரிசை யாருக்கு? ஏர் பிடித்தவனுக்கு, கூலிக்கு, ஒதுக்கி நிறுத்தப்பட்டவனுக்கு. ஆகவே, குரல் எட்டாத தொலைவு வெறும் அடிக்கணக்கு அன்று. அது சமுதாயத்தின் கணக்கு. அந்தக் கணக்கைத் திருத்த உதவிய கருவிகளில் ஒன்றுதான் ஒலிபெருக்கி. அதன் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு காந்தம், அதன் இடுக்கிலே ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தத்தினிடையே முன்னும் பின்னும் அசையும். கூம்பும் உடன் அசைந்து காற்றைத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் நம் செவியில் ஒலியாகிறது. மந்திரமில்லை, மாயமில்லை, இவ்வளவுதான் ஒலிபெருக்கி!

அசையும் சுருள் கொண்ட ஒலிபெருக்கி ஒன்றை 1898-ல் அமைத்துக் காட்டியவர் இங்கிலாந்து நாட்டு ஆலிவர் லாட்ஜ். ஆனால் மெல்லிய மின்குறியைப் பெருக்கித் தரும் வழி அன்று இல்லை. 1906-ல் அமெரிக்காவின் லீ டி பாரஸ்ட் மும்முனை வெற்றிடக் குழலைப் படைத்த பின்னரே அதற்குக் கதவு திறந்தது. 1915-ல் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்னும் இருவர் சான் பிரான்சிஸ்கோ நகரில் தங்கள் ஒலிபெருக்கியைப் பெருங்கூட்டத்தின் முன் இயக்கிக் காட்டினர். 1919-ல் சான் டீகோ நகரில் குடியரசுத் தலைவர் வில்சன் அதன் துணையோடு ஏறத்தாழ 50,000 பேரிடம் பேசினார். 1925-ல் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் இருவரும் ஆராய்ந்து வகுத்த கூம்பு அமைப்பே, சிறுசிறு திருத்தங்களோடு, இன்றளவும் நம் வீடுகளில் ஒலிக்கிறது.

இங்கே பகுத்தறிவாளர் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே 1915-ல் லாட்ஜ் தம் மகன் ரேமண்டைப் போரிலே பறிகொடுத்தார். ஆவியோடு பேசுவதாகச் சொல்வோரை நாடி, இறந்த மகனின் செய்தியைப் பெற்றதாக நம்பி, அடுத்த ஆண்டே நூலும் எழுதினார். ஒரு தந்தையின் துயரை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் அமைத்த சுருளை எவரும் எங்கும் சோதிக்கலாம்; எவர் சோதித்தாலும் அது பேசும். அவர் நம்பிய ஆவியோ, நம்பியவருக்கு மட்டுமே பேசிற்று. அறிஞர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாட்டுக்கு வருவோம். 1930-ல் சென்னை மாநகராட்சி வானொலி ஒலிபரப்பைத் தொடங்கிற்று. வீட்டில் வானொலிப் பெட்டி வாங்க வசதியற்றவர்கள் கடற்கரையிலும் பூங்காக்களிலும் வைத்த ஒலிபெருக்கிகளின் அருகே கூடி நின்று கேட்டனர். 1931-ல் கராச்சியில் கூடிய காங்கிரசு மாநாட்டில் சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் ஒலிபெருக்கிகள் ஒலித்தன. பெயரிலேதான் சிகாகோ, நடத்தியது மோட்வானே என்னும் இந்தியக் குடும்பம். 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றியது. கச்சேரிக்கும் மாநாட்டுக்கும் மட்டுமா? தெருமுனைக் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கி வந்தது. கால் வைக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட தெருவிலே குரல் தடையின்றி நுழைந்தது. ஒலிக்குச் சாதி தெரியாது; எட்டிய காதுக்கெல்லாம் அது ஒரே சொல்லைத்தான் சொல்லும்.

இத்தனை பெருமை பெற்ற கருவியின் இன்றைய கதி என்ன? பழையதென்று பரணில் போடுகிறோம். பிறகு எடைக்குப் போடுகிறோம். வேலூருக்குத் தெற்கே, சவ்வாது மலையடிவாரத்து அமிர்தியில், நம் வீட்டில் ஒரு சோடிப் பழைய ஒலிபெருக்கிகளை அண்மையில் பழுதுபார்த்தோம். மரப்பெட்டி, எட்டு அங்குலக் கூம்பு, 1970-களின் வேலைப்பாடு. பெட்டிக்குள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. கூம்பைச் சுற்றியிருந்த நுரைப்பஞ்சு வளையம் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. "காலம் முடிந்துவிட்டது" என்றனர் பார்த்தவர்கள்.

காலமா முடிந்தது? காரணம் தேடினோம். அக்கால நுரைப்பஞ்சு, காற்றின் ஈரத்தாலும் உயிர்வளியாலும் மெல்ல மெல்லச் சிதையும் தன்மையுடையது. மலையடிவாரத்து மழை அதை விரைவுபடுத்தியிருக்கும். காந்தமோ வலிமை குன்றாமல் இருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், எட்டு ஓம் என்று குறித்த சுருள் ஏறத்தாழ ஆறு ஓம் காட்டிற்று. நேர்மின்சாரத்தில் அளந்தால் குறித்ததைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டுவதே இயல்பு. சுருளுக்கு உயிர் இருக்கிறது என்பதே அதன் பொருள். அழிந்தது மலிவான உறுப்பு. நிலைத்தது அருமையான உறுப்பு!

உதிர்ந்த பஞ்சையும் பழைய பசையையும் பொறுமையாகச் சுரண்டி எடுத்தோம். கூம்பின் கிழிசலில் மெல்லிய தாளை வெள்ளைப் பசையால் ஒட்டினோம். நடுவிலுள்ள மூடியைக் கழற்றி, சுருளுக்கும் காந்தத்தின் நடுத்தண்டுக்கும் இடையே தாள்கீற்றுகளைச் சுற்றிலும் சமமாகச் செருகினோம். சுருள் மயிரிழை சாய்ந்தாலும் உரசும்; உரசினால் கரகரக்கும். புது வளையத்தை முதலில் கூம்போடு ஒட்டி, அது உலர்ந்தபின் சட்டத்தோடு ஒட்டி, ஓர் இரவு அசைக்காமல் வைத்தோம். கீற்றுகளை உருவி, கூம்பை விரல்களால் மெல்ல அழுத்தினோம்; உரசல் இல்லை. உலர்ந்துபோன மின்தேக்கிகளை, கடைக்காரர் மொழியில் 'கண்டன்சர்'களை, அதே அளவில் மாற்றினோம்.

இன்னொரு சோதனையும் தேவை. ஒன்றரை வோல்ட் மின்கலத்தின் நேர்முனையை ஒலிபெருக்கியின் நேர்முனையிலும், எதிர்முனையை எதிர்முனையிலும் தொட்டால், கூம்பு வெளியே தள்ள வேண்டும். இரண்டும் அப்படியே தள்ள வேண்டும். ஒன்று வெளியே தள்ளும்போது மற்றொன்று உள்ளே இழுத்தால், ஒன்று எழுப்பும் அலையை மற்றொன்று அழிக்கும். தாழ்ந்த ஒலிகள் காணாமற் போகும். வலிமை மிக்க இரண்டு, திசை மாறி உழைத்தால் விளைவு வெறுமை! இது இயக்கத் தோழர்களுக்கும் பொருந்தும் பாடமன்றோ?

இரைச்சல் வேறு, தெளிவு வேறு என்பதையும் மறவாதீர். 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. அதே ஆண்டில், சென்னையிலிருந்து சென்ற வழக்கொன்றில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டுமென்று எந்த மதமும் கூறவில்லை என உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கேட்க விரும்புவோனுக்கு எட்டுவதே ஒலிபெருக்கியின் கடமை, உறங்குவோனை உலுக்குவதன்று.

இதே சவ்வாது மலையில் காவலூர்த் தொலைநோக்கி மனிதனின் கண்ணை விண்மீன் வரை நீட்டுகிறது. ஒலிபெருக்கி மனிதனின் நாவைக் கடைசி வரிசை வரை நீட்டிற்று. இத்தகைய கருவிகளுக்கு ஆயுத பூசையன்று பொட்டு வைத்துவிட்டு, மறுநாள் பழுதானால் விதியென்று வீசுவதா மரியாதை? திறந்து பார்ப்பதே மரியாதை. இளைஞர்களே! உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பெட்டியை இறக்குங்கள். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுத் திறவுங்கள். காரணத்தைத் தேடுங்கள், கிடைக்கும். காரணம் கிடைத்த பழுதுக்குக் கையும் கருத்தும் மருந்து காணும்.