பரணில் கிடந்த வெண்கலப் பானை



போன வாரம் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் சென்னையிலிருந்து போன் செய்தார். "சார், தேவாரத்து வீட்டை இடிச்சுக் கட்டப்போறோம். சாமான் ஒதுக்க அடுத்த வாரம் ஊருக்கு வர்றேன். பரண்ல அப்பத்தா பானை ஒண்ணு கிடக்கு. பழைய பாத்திரம் எடுக்கிறவர் பித்தளை விலைக்குக் கேக்குறாராம். குடுத்திரலாமா?"

"வந்ததும் தரையில படாமத் தூக்கிப் பிடிச்சு, கரண்டியால ஒரு தட்டுத் தட்டிட்டு எனக்குப் போன் போடு" என்றேன். நேற்றுத் தட்டினார். போனிலேயே கேட்டது. கோயில் மணிபோல நீண்டு அடங்கிய நாதம். அது வெண்கலம்.

செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். துத்தநாகத்தைவிட வெள்ளீயம் பல மடங்கு விலை. வியாபாரி ஏன் பித்தளை என்றார் என்பது இப்போது புரியும்! (பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே, அதுவும் இந்த வெள்ளீயம்தான். காரீயம் வேறு, அது நஞ்சு.)

செம்பும் மெது, வெள்ளீயமும் மெது. இரண்டும் கலந்தால் கடினம் வந்துவிடுகிறது. தனிச் செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், வெண்கலம் அதற்குக் குறைவான சூட்டிலேயே உருகும். சிலைக்கு வெள்ளீயம் கொஞ்சம் போதும். மணிக்கு ஐந்தில் ஒரு பங்கு வரை போகும். அதனால்தான் அந்த நாதம். ஆனால் அந்த அளவு கலந்ததை ஆறிய பிறகு அடித்தால் உடைந்துபோகும். செக்கச்செவேலென்று காய்ச்சி, சூட்டோடு அடித்து, தண்ணீரில் முக்கி எடுத்துக் கிண்ணம் செய்யும் வித்தை நம்மவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டினார். அங்கே முதுமக்கள் தாழிகளோடு கிடைத்த வெண்கலப் பாத்திரங்களில் இந்த வகையும் உண்டு.

வெள்ளீயத்துக்கும் நம் மலைக்கும் ஒரு தொடர்பு. இந்த ஏலமலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் சேரநாட்டுக் கடற்கரை. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்கர் எழுதிய பெரிப்ளுஸ் என்ற கடல்வழிக் குறிப்பில், அந்தத் துறைமுகங்களுக்கு வந்து இறங்கிய சரக்குகளில் செம்பும் வெள்ளீயமும் இருக்கின்றன. திரும்பிப் போன கப்பலில் மிளகு!

சிலை வார்ப்பதை சுவாமிமலையில் நேரில் பார்த்திருக்கிறேன். தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து முதலில் மெழுகிலேயே சாமியைச் செய்துவிடுகிறார்கள். நம்ம மலையில் பளியர்கள் தேன் எடுத்தபின் மிஞ்சுமே, அதே அடை மெழுகுதான். அதன்மேல் காவிரி வண்டல் பூசி, காயவைத்து, கம்பி கட்டி, நெருப்பில் காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுகிறார்கள். ஆறியதும் அச்சை உடைத்துத்தான் சாமியை எடுக்க முடியும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே சிலை. சோழர் காலத்து நடராசரும் இப்படிப் பிறந்தவர்தான்.

எங்கள் வீட்டிலும் இரண்டு வெண்கலப் பானைகள் இருந்தன. எழுபதுகளில் அம்மா அவற்றைப் போட்டு எவர்சில்வர் குடமும் தூக்குவாளியும் வாங்கினார். தெருவே வந்து பார்த்தது. நானும் பெருமையாக அந்தத் தூக்கில்தான் சோறு கொண்டுபோனேன். பானையைத் தட்டிப் பார்க்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

மாணவரின் பானை நாளை சென்னைக்குப் போகிறது. தைப்பொங்கலுக்கு அதில்தான் பொங்கலாம்.

உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது கிடந்தால் தட்டிப் பார்த்து, படத்தோடு கீழே போடுங்கள்.