காலத்தின் திசை: போல்ட்ஸ்மானின் 1877ஆம் ஆண்டுப் பதில் குறித்து ஒரு மறுவாசிப்பு

லோஷ்மிட் 1876இல் எழுப்பிய மறுப்பு போல்ட்ஸ்மானை இயக்கவியலிலிருந்து நிகழ்தகவுக்குத் தள்ளியது. மறு ஆண்டே அவர் நிலைகளின் எண்ணிக்கையைக் கொண்டு காலத்தின் திசையை விளக்கிவிட்டார். இத்துறையில் நிலைபெற்ற வாசிப்பு இது. இதன் முற்பகுதியோடு எனக்குப் பிணக்கில்லை. பிற்பகுதிக்கு 1877ஆம் ஆண்டுக் கட்டுரையே இடம் தரவில்லை.

மூலக்கூறுகளின் திசைவேகங்கள் அனைத்தையும் எதிர்த்திசைக்குத் திருப்பினால் வாயு வந்த வழியே திரும்பும், என்ட்ரோபி குறையும் என்பதைப் போல்ட்ஸ்மான் மறுக்கவில்லை. சீரான நிலைகள் சீரற்றவற்றைவிட அளவிறந்தவை, ஆகவே வாயு சீரான நிலைக்குச் செல்லவே வாய்ப்பு மிகுதி என்றார். பலரும் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதே கட்டுரையில், உலகின் நிலையை நெடுந்தொலைவு இறந்தகாலத்துக்குள் தொடர்ந்து சென்றாலும் வெப்பநிலை வேறுபாடுகள் மறைந்த நிலையையே எட்டுவோம் என எதிர்பார்க்கலாம், எதிர்காலத்தைப் பற்றி அப்படிச் சொல்ல எவ்வளவு நியாயம் உண்டோ அவ்வளவு இதற்கும் உண்டு என்கிறார். இதை மூத்த நண்பர் லோஷ்மிட்டுக்குச் செய்த மரியாதையாக, ஒரு வேடிக்கைக் குறிப்பாக ஒதுக்கிவிடுவது வழக்கம்.

எனக்கு அது வாதத்தின் நடுப்புள்ளியாகவே படுகிறது. தம்ளரில் பாதி கரைந்த ஐஸ்கட்டி மிதக்கிறது. அரை மணியில் அது இன்னும் கரைந்திருக்கும் என்கிறது எண்ணிக்கை. அரை மணிக்கு முன்பும் அது இதைவிடக் கரைந்தே இருந்தது என்றும் அதே எண்ணிக்கை, அதே உறுதியோடு சொல்கிறது. முன்னது மெய், பின்னது பொய். எண்ணிக்கைக்கு முன்பின் தெரியாது என்பதைப் போல்ட்ஸ்மான் அன்றே கண்டிருக்கிறார், அதன் முழு விளைவையும் உணர்ந்தாரோ இல்லையோ.

என்ட்ரோபி குறையாது என்று போல்ட்ஸ்மான் 1872இல் தந்த நிரூபணத்தில் திசை வேறு வழியாக நுழைந்தது. மோதப்போகும் மூலக்கூறுகளின் திசைவேகங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று அது கொண்டது. மோதி விலகியவற்றுக்கு அப்படிக் கொள்ளவில்லை. 1894இல் பர்பரி இந்த அனுமானத்தைச் சுட்டிக்காட்டினார். 1877இல் அந்தச் சமச்சீரின்மையும் இல்லை. ஆகவே திசை வெளியிலிருந்து வந்தாக வேண்டும். பின்னர் மறுப்பு எழுப்பிய செர்மெலோவுக்கு 1897இல் எழுதிய பதிலில் போல்ட்ஸ்மான் முன்வைக்கும் இரு வழிகளில் ஒன்று, பிரபஞ்சம் மிக அரிதான ஒரு நிலையில் தொடங்கியது என்பது. மற்றது, சமநிலையில் கிடக்கும் பிரபஞ்சத்தின் ஓர் ஏற்ற இறக்கத்தில் நாம் வாழ்கிறோம் என்பது. முதல் வழியின் தேவை 1877இலேயே தெரிந்துவிட்டது என்பதே என் கூற்று. விடையும் அப்போதே அவர் கையில் இருந்ததாகச் சொல்லவில்லை.

1964இல் கயான் துகளின் சிதைவில் கண்ட சமச்சீர் முறிவைக் காட்டி, திசை விதிகளிலேயே உள்ளது எனச் சிலர் வாதிடுவர். ஐஸ்கட்டி கரைவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

தொடக்கநிலையைச் சொல்வது விளக்கமாகாது என்ற மறுப்புக்கு வலு உண்டு. அந்தத் தொடக்கநிலையின் தடயமான 2.7 கெல்வின் நுண்ணலைப் பின்னணியில் வெப்பநிலை லட்சத்தில் ஒரு பங்கு அளவே மாறுபடுகிறது. அத்தகைய சீர்மை வாயுவுக்குச் சமநிலை. ஈர்ப்பையும் கணக்கில் கொண்டால் பொருள் திரண்டு விண்மீன்களாவதில்தான் என்ட்ரோபி கூடுகிறது. சீர்மையே அரிதான நிலையாகிறது. லோஷ்மிட்டின் 1876ஆம் ஆண்டுக் கட்டுரை ஈர்ப்புக்கு உட்பட்ட பொருள்களின் வெப்பச் சமநிலையைப் பற்றியது. திசைவேகத்தைத் திருப்பும் வாதம் அதற்குள் வரும் ஒரு பகுதி. ஈர்ப்பில் நிற்கும் வாயுத்தம்பத்தின் மேலும் கீழும் வெப்பநிலை வேறுபடும் என்ற அவருடைய முடிவு தவறுதான். ஆனால் ஈர்ப்பைச் சேர்க்காத எண்ணிக்கை முழுமையாகாது என்ற இடத்தில், பதிலைவிட மறுப்பே இன்றைய கேள்விக்கு அருகில் நிற்கிறது.